அத்தை வேதக்கோவிலுக்குப் போன கிறிஸ்துமஸ்

சாமி இல்லை என்று சொல்கிறவள் எதற்குக் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறாய் என்று என்னைக் கேட்காத சொந்தக்காரர் கிடையாது. கேட்கிறவர்கள் எல்லாரும் ஒரு கையில் என் வீட்டு முந்திரிக்கொத்தை வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள். வாய் நிறைய மென்றுகொண்டே, "நம்பிக்க இல்லாதவளுக்கு ஸ்டார் எதுக்கு, கேக் எதுக்கு?" என்பார்கள். "அதத் தட்டுல வச்சிட்டுக் கேளுங்க" என்பேன் நான். இதுவரை யாரும் வைத்தது கிடையாது.

எனக்கு நம்பிக்கை ஒரே நாளில் போய்விடவில்லை. கோபித்துக்கொண்டும் போகவில்லை. கரிவலம்வந்தநல்லூரில் கட்டுக்கோப்பான கிறிஸ்தவ வீட்டில், ஊர்ப் பேச்சில் வேதக்கார வீட்டில், பிறந்து, ஓய்வுநாள் பள்ளியின் வசனப் போட்டியில் டிபன் பாக்ஸ் பரிசு வாங்கி, வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு பாடகர் குழுவில் பாடியவள்தான் நானும். நம்பிக்கை, குளியலறையில் கிடக்கும் சோப்பு மாதிரி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்து கரைந்து, ஒருநாள் கையை நீட்டினால் அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் டிசம்பர் பிறந்துவிட்டால் என் கை தானாக முந்திரிக்கொத்துக்குச் சிறுபயறு வறுக்கப் போய்விடும். இது வேஷம் என்றால் வேஷமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஆடித்தபசுக்கு எங்கள் சங்கரன்கோவிலில் திரளுகிற கூட்டத்தில் தபசுக் காட்சி பார்க்க வந்தவர் யார், வளையல் வாங்கவும் ராட்டினம் சுற்றவும் வந்தவர் யார் என்று வாசலில் நிறுத்தி யாராவது விசாரிக்கிறார்களா? என்னை மட்டும் ஏன் நிறுத்துகிறீர்கள் என்பதுதான் என் கட்சி.

நான் வாக்கப்பட்டது சங்கரன்கோவிலில் ஒரு இந்து வீட்டில். எங்கள் சொந்தத்துக்குள்ளேயே இரண்டு பக்கமும் உண்டு என்பதால் ஊரில் அது பெரிய விஷயமாகவில்லை. கணவர் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். கல்லாவில் பாதி நேரம் நான்தான் உட்காருவேன். வீட்டில் எங்களோடு அத்தை, என் கணவரின் அம்மா. தினமும் காலையில் குளித்துவிட்டு கோமதியம்மன் சன்னதிக்குப் போய் வராமல் வாயில் காபி படாது. காய்ச்சலோ கால்வலியோ எதுவானாலும் கோவில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசிவிட்டுத்தான் டாக்டரைப் பற்றி யோசிப்பார்.

கல்யாணமான சில மாதங்களிலேயே மாமனார் ராஜபாளையம் ரோட்டில் விபத்தில் இறந்துபோனார். அதற்குப் பிறகு ரொம்ப நாள் அத்தை எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் வைத்த குழம்பில் உப்பு கூடும், நான் துவைத்த சேலையில் அழுக்குப் போகாது. வேதக்காரி வந்த நேரம் என்று நினைக்கிறார் போலிருக்கிறது என்று எண்ணி, நானும் பதிலுக்கு முறைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு எப்படியோ அது மாறியது. ஒரு டிசம்பரில் அவரே பஜாருக்குப் போய் ஒரு காகித நட்சத்திரம் வாங்கி வந்து, "ஏட்டி, இத மாடியில கட்டச் சொல்லு. ஒனக்கு நாளு வருதுல்லா" என்றார். எனக்கு இப்போது அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை அத்தை என்று இழுத்தேன். "ஒன் நம்பிக்கைய யாரு கேட்டா? நாளு வருது, வீட்டுல வெளக்கு எரியணும்" என்று முடித்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் அத்தையின் உத்தரவின் பேரில்தான் நடந்துவந்தது.

போன வருடம் ஆடித்தபசு முடிந்த கையோடு என் அம்மா இறந்துபோனாள். சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, திருநெல்வேலிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, கடைசியில் வீட்டிலேயே முடிந்தது. அவளுக்காகச் சபை முழுவதும் உபவாசம் இருந்து ஜெபம் பண்ணியது. அத்தை தன் பங்குக்குப் புற்றுமண் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அதை மரியாதையாக வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த அப்பா பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். சாதாரண நாளாக இருந்தால் அதற்கு ஒரு பிரசங்கமே நடந்திருக்கும்.

அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சிவகிரி வண்டியில் பின்படியில் நின்று அவர் குரல் கொடுத்தால் முன்சீட்டில் தூங்குகிறவனும் எழுந்துவிடுவான். அந்தக் குரல்தான் எங்கள் ஊர் வேதக்கோவிலின் பெரிய சொத்து. பாட்டு ஆரம்பித்தால் ஆர்மோனியத்துக்கு வேலை இருக்காது. கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது இவர் குரல் மூன்றாவது தெருவில் கேட்கும்போதே எங்கள் தெருவில் காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிடுவார்கள்.

அம்மாவை அடக்கம் செய்த மறு ஞாயிறு வழக்கப்படி எல்லாரும் கோவிலுக்குப் போய் உட்கார்ந்தோம். நானும் போனேன், அப்பாவுக்காக. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஒருவர் அப்பாவின் தோளைத் தட்டி, "எல்லாம் கர்த்தருடைய சித்தம்" என்றார். நல்ல மனிதர்தான், வேறு எதுவும் சொல்லத் தெரியாமல்தான் சொன்னார். அப்பா அவர் கையை எடுத்து விட்டுவிட்டுச் செருப்பைத் தேடப் போய்விட்டார்.

மழைக்காலத்தில் அவரைத் தனியாக விட மனமில்லாமல் எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்தோம். முதல் நாள் மதியம் சோற்றைப் போட்டு வைத்தேன். அப்பா தட்டை இழுத்தார், பிசைந்தார், வாயில் போட்டார். கண்ணை மூடவில்லை, தலையைக் குனியவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் பண்ணாத அப்பாவை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. பஸ்ஸில் டீக்கடை நிறுத்தத்தில் ஒரு வடையை வாங்கினால்கூட அதற்கும் ஒரு நிமிஷம் கண்ணை மூடுகிற மனிதர். ரசக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

"என்னட்டி பாக்க?"

"ஜெபம் பண்ணலியேப்பா."

"நீ பண்ணுதியா?"

"நான் விட்டு வருசமாச்சுல்லா."

"நானும் இனிமே அப்படித்தான். கோவமா இருக்கேன்."

தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தார்.

ஊரில் ஆளாளுக்கு என் அவநம்பிக்கையைப் பற்றிப் பேசும்போது நான் வாயடிப்பேன். அதே அவநம்பிக்கை அப்பாவிடம் வந்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. நான் விட்டது வேறு, அப்பா விட்டது வேறு. எனக்கு அதனால் எதுவும் குறையவில்லை. அப்பாவோ சாமியை மட்டும் விடவில்லை. பாட்டை விட்டார். தினமும் போன் செய்து பேசுகிற சபைக் கூட்டாளிகளை விட்டார். காலையில் பஸ் ஸ்டாண்டு வரை நடந்து பழைய டிரைவர்களோடு டீ குடிப்பதை விட்டார். சோறு பாதியாகக் குறைந்தது. வேதாகமத்தின் மேல் கண்ணாடியைக் கழற்றி வைத்தவர் அதைத் திரும்ப எடுக்கவில்லை. அம்மாவின் பின்னாலேயே இவரும் போய்விடுவார் என்று பயந்தேன். அவர் கோவிலுக்குப் போக வேண்டும், பாட வேண்டும் என்று கிடந்து தவித்தேன். ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்ல? "நீ போறியாட்டி?" என்று திருப்பிக் கேட்டுவிடுவார்.

அத்தை இதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டார். அவர்கள் முறைப்படி, ஒரு சாவு விழுந்தால் அந்த வீட்டார் வருடம் திரும்பும் வரை கோவில் படி மிதிப்பதில்லை. வேதக்காரர்களுக்கு அப்படி ஒரு தீட்டும் கிடையாது என்பது அவருக்குத் தெரியாது. அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே இருப்பதைப் பார்த்து அவருக்கு அப்பா மேல் ஒரே மரியாதை. பக்கத்து வீட்டுக்காரியிடம், "வேதக்காரவியதான், ஆனா மொற தெரிஞ்ச மனுசன். பொண்டாட்டிக்கு எப்படித் துக்கம் காக்காரு பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. அப்பாவுக்கென்று தனியாக வாழை இலை வாங்கி, மசாலா குறைத்துச் சமைத்துப் போட்டார். இந்த வருடம் மாடியில் ஸ்டார் கட்ட வேண்டாம் என்பதும் அவர் உத்தரவுதான்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இல்லை அத்தை, அப்படியெல்லாம் கிடையாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, பின்ன ஏன் போகவில்லை என்பது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அப்பா.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் ஒரு சாயங்காலம் அப்பாவின் சபை கேரல் வேன் எங்கள் தெருவுக்குள் வந்தது. ஸ்டார் தொங்குகிற வீட்டுக்குத்தான் அவர்கள் போவது வழக்கம். எங்கள் வீட்டில் ஸ்டார் இல்லாவிட்டாலும் அப்பா இங்கே இருக்கிறார் என்று தெரிந்து, அவரைப் பார்க்கவென்றே வந்தார்கள். டோலக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர், கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடியை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டு ஒருவர், முன்னால் பாடகர் குழுத் தலைவர். அவர் பஜாரில் தையல் கடை வைத்திருப்பவர், எங்கள் கடைக்கு எதிர்க்கடை. அத்தை கேட்டைத் திறக்கவில்லை.

"தம்பி, கொட்டடிக்காதீய. இது துக்க வீடு. அண்ணாச்சிக்கு வருசம் திரும்புத வரைக்கும் கோவில் கொளம் கிடையாது. நீங்க பாடினா அவியளுக்குச் சங்கடம்."

"அம்மா, எங்கள்ல அப்படி ஒண்ணும்..." என்று அவர் ஆரம்பித்தார்.

அத்தை சட்டென்று கேட்டுக்கு வெளியே போய், அவரை வேனுக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்த தலைவர் டோலக்கைக் கீழே வைக்கச் சொன்னார். எல்லாரும் தெருவிலேயே நின்று, தாளம் இல்லாமல், தாழ்ந்த குரலில் ஒரே ஒரு பழைய கீர்த்தனை பாடிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள்.

நான் அப்பாவின் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கீர்த்தனையில் கட்டைக் குரல் தனியாக எடுக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது எப்போதும் அவருடைய இடம். அந்த இடத்தில் வெளியே யாரும் எடுக்கவில்லை, பாட்டு ஒரு கால் இல்லாததுபோல் நொண்டியது. அப்பாவின் வாய் இறுக மூடியிருந்தது. கழுத்து நரம்பு மட்டும் புடைத்து அடங்கியது. எனக்குத் தாங்கவில்லை, அடுப்படிக்கு ஓடிவந்துவிட்டேன்.

மறுநாள் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, ஒன் அத்தகிட்ட விசயத்தச் சொல்லிரு. துக்கம் காக்கேன், மொற தெரிஞ்ச மனுசன்னு ஊரு பூரா சொல்லிட்டிருக்காங்க. எலையில ஒக்காந்தா சோறு எறங்க மாட்டங்கு."

"நீங்களே சொல்லுங்கப்பா."

"என்னன்னு சொல்ல? கடவுளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்த இல்லன்னா? விடிஞ்சதும் கோவிலுக்கு ஓடுத மனுசிட்ட அதச் சொன்னா என்ன நெனப்பாங்க?"

அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பலகாரச் சட்டி அடுப்பில் ஏறாத எங்கள் வீட்டுக்கு, துக்க வீடு என்பதால், தூக்குவாளி தூக்குவாளியாகப் பலகாரம் வந்துகொண்டிருந்தது. வேதக்கார வீடுகளிலிருந்து அதிரசம் வந்தது. அத்தை சொன்னதைக் கேட்டுவிட்டு இந்து வீடுகளிலிருந்து முறுக்கு வந்தது. அப்பா ஒவ்வொரு வாளியையும் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய்விடுவார்.

இருபத்து நான்காம் தேதி சாயங்காலம் அத்தை இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். மாம்பழக் கலர்ப் பட்டுச்சேலை, கல்யாண வீட்டுக்கு மட்டும் வெளியே வருவது. யார் வீட்டு விசேஷம் என்று கேட்டேன்.

"நாளைக்கு வெள்ளன வேதக்கோவிலுக்குப் போறேன். நீ வண்டியில கொண்டு விடு."

"அத்தை, நீங்க எதுக்கு?"

"அண்ணாச்சி போவக் கூடாது. நீ போவ மாட்ட. வருசத்துல ஒரு நாளு, இந்த வீட்டுல இருந்து ஒரு ஆளாவது போவ வேண்டாமா? எனக்குத் தீட்டு கிடையாதே. அவிய சார்பா நான் போயிட்டு வாரேன்."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். பேப்பர் அப்படியே நின்றது. அத்தை சேலையை மடித்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றார்.

"அண்ணாச்சி, எனக்கு ஒங்க மொறையெல்லாம் தெரியாது. எங்க கோவில்ல வேண்டுதல நேரா சொல்லிருவோம். அங்க போயி நான் என்ன கேக்கணும்னு மட்டும் சொல்லுங்க. ஒங்களுக்காக அதக் கேட்டுட்டு வாரேன்."

அப்பா பேப்பரை மடித்தார். மடித்ததைத் திரும்ப விரித்தார். இப்போது சொல்லிவிடுவார், எல்லாவற்றையும் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் தலையைத் தூக்காமலே சொன்னார்.

"ஏன்னு கேளுங்க தங்கச்சி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அத்தை தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

விடியற்காலை நாலரை மணி ஆராதனைக்குக் கரிவலம்வந்தநல்லூருக்கு ஸ்கூட்டியில் கிளம்பினோம். நல்ல பனி. அத்தை என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றியபடி உட்கார்ந்திருந்தார். வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் உள்ளே கூட்டத்தைப் பார்த்ததும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். சாமி சிலை ஒன்றும் இல்லாத கோவிலில் எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பெண்கள் பகுதியில் இடம் பிடித்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லாரும் எழுந்தபோது அவர் உட்கார்ந்திருந்தார், எல்லாரும் உட்கார்ந்தபோது கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு பெண் தன் பாட்டுப் புத்தகத்தை விரித்து அவர் கையில் கொடுத்தாள். அத்தை அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பாட்டு தொடங்கியது. நான் பாடக் கூடாது என்றெல்லாம் நினைத்து உட்காரவில்லை, பாட வேண்டும் என்றும் நினைக்கவில்லை. இரண்டாவது அடியில் என் வாய் பாடிக்கொண்டிருந்தது. வார்த்தை ஒன்றுகூட மறக்கவில்லை. இது எனக்கு நம்பிக்கை திரும்பிவிட்ட கதை அல்ல, அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று பாடிய பாட்டு அது, அவள் மூக்கால் இழுத்துப் பாடுவாள், அந்த இழுப்பு என் தொண்டையிலும் வந்தது. அழுதேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கோவிலில் அழுகிறவளை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அது ஒரு வசதி.

எல்லாரும் முழங்காலிட்டு அமைதியாக ஜெபிக்கிற நேரம் வந்தது. அத்தை முட்டுவலியோடு கஷ்டப்பட்டு முழங்காலிட்டார். கண்ணை மூடவில்லை. முன்னால் இருந்த சிலுவையை நேராகப் பார்த்துக்கொண்டு, எதிரே நிற்கிற ஆளிடம் பேசுகிற குரலில் சொன்னார்.

"ஐயா, நான் கோமதியம்மா கோவில்காரி. எங்க சம்பந்தி அனுப்பி வந்திருக்கேன். ஒங்க ஆளுதான். ஏன்னு கேக்காரு. அவருக்குப் பதில் சொல்லிருங்க."

பக்கத்தில் இருந்தவர்கள் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கத்தால் அல்ல. அந்தக் கோவிலில் அன்றைக்குச் செய்யப்பட்ட ஜெபங்களில் நான் முழு மனதோடு சேர்ந்துகொண்டது அது ஒன்றில்தான்.

வீட்டுக்கு வந்தபோது நன்றாக விடிந்திருந்தது. அப்பா கேட்டுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். குளித்து, சட்டை மாற்றியிருந்தார். வண்டியை நிறுத்துவதற்குள் எழுந்து வந்துவிட்டார்.

"கேட்டீயளா?"

"கேட்டுட்டேன் அண்ணாச்சி. ஒண்ணும் சொல்லல."

அப்பா சிரிக்கவில்லை. கேட்டைத் திறந்துவிட்டார்.

"தங்கச்சி, ஒங்களுக்கு ஒண்ணு சொல்லணும். எங்கள்ல வருசக் கணக்கெல்லாம் கிடையாது. அடக்கம் முடிஞ்ச மறு ஞாயித்துக்கெழமையே கோவிலுக்குப் போயிருவோம். நானும் போனேன், அதுக்குப் பொறவுதான் போவல. கோவம். இத்தன நாளு ஒங்கள ஏமாத்திட்டேன்."

"தெரியும் அண்ணாச்சி. பாட்டுப் பாட வந்தாரே அந்தத் தம்பி, அன்னைக்கே சொல்லிட்டாரு."

அப்பா திகைத்துப் போனார். நானும்தான். "தெரிஞ்சுமா ஊரு பூரா அப்படியே சொல்லிட்டிருந்தீய?" என்று கேட்டார்.

"பின்ன? கோவமா இருக்காருன்னா சொல்ல? நாலு பேரு வந்து புத்தி சொல்லுவாங்க. துக்கம்னா ஒருத்தரும் கிட்ட வர மாட்டாங்க." அத்தை தலையில் இருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். "இவ மாமனாரு செத்தப்ப நானும் இப்படித்தான் அண்ணாச்சி. அன்னைக்குக் காலையிலதான் கோமதியம்மாவுக்கு வெளக்குப் போட்டுட்டு வந்தேன். மத்தியானம் பொணமா வாராரு. வருசம் முழுக்கத் தீட்டு, போவக் கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும், எனக்கும் சவுரியமாப் போச்சு. வருசம் முடிஞ்ச பொறவும் முட்டு வலிக்கு, தல சுத்துதுன்னு சாக்குச் சொல்லிக்கிட்டுக் கெடந்தேன். கோவம்தான். அம்மாட்ட காட்ட முடியாத கோவத்த எல்லாம் இந்தப் புள்ள மேல காட்டுனேன்."

என்னைத்தான் சொன்னார். உப்பு கூடிய குழம்பும் அழுக்குப் போகாத சேலையும் எனக்கு ஞாபகம் வந்தன. வேதக்காரி என்பதால் என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பொறவு எப்படிப் போனீய?" என்றார் அப்பா.

"ஒருநா போயி சன்னதியில நின்னு நல்லா ஏசிட்டு வந்தேன். நாக்கப் புடுங்கிக்கிடுத மாதிரி கேட்டேன். கூட்டம், அர்ச்சன நடக்கு, நான் பாட்டுக்கு மனசுக்குள்ள ஏசுதேன். அன்னைக்குத்தான் வீட்டுக்கு வந்து சோறு தின்னேன்."

"எங்க கோவில்ல ஏச முடியாதே தங்கச்சி. எல்லாம் ஸ்தோத்திரம்தான்."

"அத மத்தவிய சொல்லட்டும். நீங்க ஏசுங்க. வீட்டுல இருந்து ஏசுனா அங்கன எப்படிக் கேக்கும்?"

அம்மா போனபிறகு அப்பா சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சத்தம் வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. சிரிப்பு நின்றபிறகும் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. அத்தை அதைப் பார்க்காததுபோல் உள்ளே போய் இட்லிக்கு ஊற்றினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார். வேதாகமத்தை எடுத்துக்கொள்ளவில்லை. "ஏட்டி, வண்டிய எடு, ஏசப் போறேன்" என்றார். கோவில் வாசலில் இறக்கிவிட்டேன். தையல்கடைக்காரர் ஓடிவந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். நான் உள்ளே போகவில்லை. எதிரே வேப்பமரத்தடியில் வண்டியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

முதல் பாட்டு வந்தது. அந்தக் குரல் இருந்தால் வெளியே நிற்கிற எனக்குத் தனியாகத் தெரியும். கேட்கவில்லை. இரண்டாவது பாட்டிலும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஜெபம், ரொம்ப நேரம் ஜெபம். சபை ஆமென் சொன்னது, அதிலும் அவர் குரல் இல்லை. எனக்குக் கவலையாக இல்லை. அப்பா உள்ளே ஏசிக்கொண்டிருந்தார்.